ஏழாம் ஸ்டேஷன் கூப்பிட்டது

அந்தப் பாட்டுக்கு யாராவது ஆடுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சமீபத்தில் ஸ்ரீபெரும்புதூரில் என் தங்கை மகளின் கல்யாண ரிசப்ஷன். மண்டபத்தில் அதைத்தான் போட்டார்கள். பாட்டின் நடுவில் ஒரு பஸ் ஹாரன் மாதிரி டியூன் வரும், வந்த வேகத்தில் பட்டென்று அறுந்துபோகும். அறுந்த இடத்தில் ஆடுகிறவர்கள் சிலையாக நிற்க வேண்டும், அசைந்தவர் அவுட். இதுதான் இப்போது ஊரெல்லாம் விளையாட்டு. மாப்பிள்ளை ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றான். பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

"இன்னா மச்சான், எழுந்துட்ட? சாப்பாடு செரியில்லயா?" என்று தங்கை புருஷன் ஓடிவந்தார்.

"சாப்பாடு நல்லாத்தான் கீது. அந்தப் பாட்ட நிறுத்தச் சொல்லு."

"அய்ய, அது இப்ப டாப்பு மச்சான். பி ஷிஃப்ட் பசங்க பாட்டு. உங்க ஒரகடம் பசங்கதான?"

எங்கள் ஒரகடம் பசங்கதான். அந்த ஹாரன் டியூனைப் போட்டவனும் நான்தான். அது அறுந்துபோவது எதனால் என்று தெரிந்தால் இந்த மண்டபத்தில் ஒருவனுக்கும் கால் எழாது. ஆனால் கல்யாண வீட்டில் அதைச் சொல்ல முடியுமா? செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இன்னும் வேலையில் இருக்கிற பிள்ளைகள் வாட்ஸ்அப் குழுவில், "ஏகாம்பரண்ணா, நீங்களே எழுதுங்க, வெளிய எவனெவனோ கத வுடறான்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் காஞ்சிபுரம் பக்கம். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்து, அம்பத்தூர் பட்டறைகளில் திட்டு வாங்கி வேலை கற்று, ஒரகடத்தில் கம்பெனிகள் வந்தபோது இங்கே சேர்ந்தேன். கார் சீட்டுக்கான இரும்புச் சட்டம் செய்கிற கம்பெனி. ஓய்வு பெறும்வரை அங்கேதான் மெயின்டெனன்ஸ் எலக்ட்ரீஷியன். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும். வந்தால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

எங்கள் உற்பத்தி லைனில் வரிசையாக ஸ்டேஷன்கள், ஆளுக்கொரு வேலை. ஒவ்வொன்றிலும் வேலை செய்கிறவனின் தலைக்கு மேல் ஒரு மஞ்சள் கயிறு தொங்கும். போல்ட் தீர்ந்தாலும், மெஷின் மக்கர் செய்தாலும், உடம்புக்கு முடியாவிட்டாலும் கயிற்றை இழுக்க வேண்டும். இழுத்தால் மேலே இருக்கிற பெட்டியிலிருந்து டியூன் ஒலிக்கும். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் டியூன் வேறு, அதனால் கூப்பிடுவது யார் என்று காதாலேயே கண்டுபிடிக்கலாம்.

கூப்பிட்டால் போகிற முறை ஒன்று உண்டு. லீடரோ மெயின்டெனன்ஸ் ஆளோ அந்த இடத்துக்கே போக வேண்டும். கூப்பிட்டவனின் முகத்தைப் பார்த்து "என்ன ஆச்சு?" என்று கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் பெட்டியில் சாவியைப் போட்டுத் திருப்பலாம், திருப்பினால்தான் டியூன் நிற்கும். சேர்ந்த முதல் வாரமே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் டியூன் ஒலிக்கும்போது எல்லோரும் ஒரு கண்ணால் பார்ப்பார்கள், நின்றதும் குனிந்துகொள்வார்கள். நின்றது என்றால் ஆள் போயாகிவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் ஒருவரும் யோசிக்க மாட்டார்கள்.

பெட்டியைச் செய்த கம்பெனிக்காரன் உள்ளே போட்டுக் கொடுத்த டியூன்கள் ஆறாவது ஸ்டேஷனோடு தீர்ந்துவிட்டன. ஏழாவதுக்கு என்னையே ஏதாவது போடச் சொன்னார்கள். பெட்டியில் இருக்கும் பட்டன்களைத் தட்டி நாமே சுரம் சேர்க்கலாம். எனக்குச் சங்கீதமா தெரியும்? நான் தினமும் வேலைக்கு வந்த தனியார் பஸ்ஸின் ஏர் ஹாரன் ஞாபகத்துக்கு வந்தது. வாலாஜாபாத் திருப்பத்தில் டிரைவர் அதை ரசித்து ரசித்து அடிப்பார். அதையே தட்டிவைத்தேன். முதல் நாள் அது ஒலித்தபோது லைன் முழுக்கச் சிரித்தது. "ணா, பஸ் வந்துச்சு, ஏறலாமா?" என்று கிண்டல் செய்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

அந்த ஏழாம் ஸ்டேஷனில் நின்றவன் மோசஸ். ஒரகடத்துக்குப் பக்கத்துக் கிராமம், ஒப்பந்தத் தொழிலாளி. சர்ச்சில் கிட்டார் வாசித்துப் பழகியவன். மூன்றாம் ஸ்டேஷனில் இசக்கி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவன், தொண்டை இரும்பு. இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, ஒரு ஹார்டுவேர் கடை மாடி அறையில் லீவு நாளெல்லாம் வாசிப்பார்கள். எல்லோருக்கும் பி ஷிஃப்ட். அதையே குழுவுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். ஒருமுறை கூப்பிட்டார்களே என்று போனேன். காது இரண்டும் அடைத்துக்கொண்டது. ஆனால் மோசஸின் இடது கை கம்பிகளின் மேல் ஓடியதைப் பார்த்தேன். இந்தக் கையா ஷிஃப்ட் முழுக்க இரும்புச் சட்டம் தூக்குகிறது என்று நம்ப முடியவில்லை.

இனி தீனதயாளன். அப்போது எங்கள் லைன் மேனேஜர். கத்த மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார். எல்லோரையும் "தம்பி" என்பார், தோளில் கை போடுவார். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. யாராவது குறை சொல்ல வாயைத் திறந்தால் உள்ளங்கையைக் கீழே பார்த்து வைத்துக் காற்றை மெல்ல அழுத்துவார். அழுகிற குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பதுபோல் இருக்கும். சொல்ல வந்தவன் சொல்லாமலே லைனுக்குத் திரும்பிவிடுவான். கத்துகிற மேனேஜர்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். இந்த மனுஷனோடு எப்படிச் சண்டை போடுவது என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

அவருக்கு அந்த டியூன்கள் ஆகாது. கார் கம்பெனிக்காரர்கள் பார்வையிட வரும்போது டியூன் கேட்டால் லைனில் கோளாறு என்று தெரிந்துவிடுமே. "கச்சேரியா நடத்துறோம் தம்பி? லைன் நிக்கக் கூடாது" என்பார். ஒருநாள் நான் லீவில் இருந்தபோது வெளி ஆளைக் கூப்பிட்டு, தன் மேஜைக்கு அடியில் ஒரு சுவிட்சு போடவைத்துவிட்டார். அதை அழுத்தினால் எந்த ஸ்டேஷன் டியூனும் வாயை மூடும். கூப்பிட்டதாகப் பெட்டியின் கணக்கிலும் ஏறாது. திரும்பி வந்து அதைப் பார்த்ததும் நேராக அவர் அறைக்குப் போனேன்.

"சார், சாவி திருப்புற ஆளு அங்க போவணும்னுதான் சார் ரூலே. இங்க உக்காந்து அமுக்குனா, ஆளு போய்ட்டான்னு எல்லாரும் நெனச்சிப்பாங்க."

"ஏகாம்பரம், நீங்க சீனியர். பதட்டப்படக் கூடாது. விசிட்டர்ஸ் வரும்போது மட்டும்தான்." உள்ளங்கை கீழே அழுத்தியது.

அடுத்த வாரமே என்னைக் கம்ப்ரசர் அறைக்கு மாற்றினார்கள். லைன் ஒரு கோடியில், அது மறு கோடியில். விசிட்டர் வந்தாலும் வராவிட்டாலும் சுவிட்சு அழுத்தப்பட்டுக்கொண்டிருந்தது.

ஏழாம் ஸ்டேஷனில் ஒரு கிளாம்ப் உண்டு. சட்டத்தை வைத்ததும் இரண்டு இரும்புத் தாடைகள் காற்றழுத்தத்தில் இறுகப் பிடித்துக்கொள்ளும். சட்டத்தின் துளையில் மாட்டும் புஷ் என்கிற சின்ன வளையம் அங்கே அடிக்கடி கோணலாக உட்காரும். கை உள்ளே இருந்தால் தாடையைத் தடுக்கிற சென்சாரும் சண்டித்தனம் செய்துகொண்டிருந்தது. கயிற்றை இழுத்து ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். இழுத்தால் உள்ளங்கை அழுத்தும், "தம்பி, லைன் நிக்கக் கூடாது." ஆகவே எல்லோரும் விரலால் தட்டி நேராக்கிக்கொண்டிருந்தார்கள். மோசஸும் தட்டினான். தாடை இடது கையோடு மூடிக்கொண்டது.

அவசர பட்டனை வலது கையால் அடித்திருக்கிறான். அடித்தால் மெஷின் நிற்கும், ஆனால் கவ்வியது கவ்வியபடியேதான் நிற்கும். மெயின்டெனன்ஸ் ஆள் வந்து பின்னால் இருக்கிற வால்வைத் திறந்து காற்றை விட்டால்தான் தாடை விடும். எட்டாம் ஸ்டேஷனில் அன்றைக்கு ஆளில்லை. இந்தப் பக்கம் உயரமான ரேக். லைன் இரைச்சலில் அவன் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. அவனுக்கு மிச்சம் இருந்தது கயிறுதான். இழுத்தான்.

கம்ப்ரசர் அறையில் எனக்குக் கேட்டது. என் பஸ் ஹாரன். வந்தது, அறுந்தது. சரி, ஆள் போயாகிவிட்டது. மறுபடியும் வந்தது, அறுந்தது. திரும்பவும் வந்து, ஒரு சுரம்கூட முடியாமல் அறுந்தது. போன ஆள் சரிசெய்யாமலா திரும்புவான்? கையிலிருந்த ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடினேன். ஓடும்போது இன்னொரு முறை வந்தது. அந்த முறை அறுபடவில்லை. தீனதயாளன் டீ குடிக்கப் போயிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

இசக்கிக்கும் அந்தக் கடைசி டியூன்தான் உறைத்திருக்கிறது. நான் போய்ச் சேரும்போது மோசஸைத் தோளோடு தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். வால்வைத் திறந்தேன். தாடை விட்டது. கையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. மோசஸ் முகம் வெளுத்திருந்தது, அழவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டான்.

"கூப்ட்டுகினே இருந்தேன் ணா. ஏன் ணா யாருமே வர்ல?"

தலைக்கு மேல் அந்த டியூன் தன்பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருந்தது. சாவி திருப்ப யாருக்கும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி பார்த்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். கிட்டார் போயிற்று. பிறகு விசாரணை நடந்தது. முடிவு என்ன தெரியுமா? தொழிலாளி விதியை மீறிக் கையை உள்ளே விட்டார், உதவிக்கும் அழைக்கவில்லை. அழைக்கவில்லையாம்! அமுக்கின அழைப்பு கணக்கில் ஏறாதே. ஏறிய கடைசி ஒன்றையும் இசக்கி வந்து இழுத்தது என்று எழுதிக்கொண்டார்கள்.

"நான் கேட்டேன் சார். என் காதால கேட்டேன்" என்று விசாரணை அறையில் சொன்னேன்.

"நீங்க கம்ப்ரசர் ரூம்ல இருந்தீங்க. அந்த இரைச்சல்ல எது கேட்டுதோ, பாவம்" என்றார் தீனதயாளன். அந்தப் 'பாவம்' இன்னும் என் காதில் எரிகிறது.

இசக்கி உடைத்தே பேசினான். "அவன் கூப்பிட்டுக்கிட்டேதாம் இருந்தான் சார். நீங்கதாம் அமுக்கிட்டே இருந்திய." அவனுடைய ஒப்பந்தத்தை அடுத்த முறை நீட்டவில்லை. மோசஸைப் பொறுத்தவரை, விரல் போனதைவிட அந்த ஒரு வரிதான் அவனைத் தின்றது. "விரலு போச்சு, செரி. கூப்புடவே இல்லன்னு எப்டி ணா எழுதுனாங்க?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பான். அதை நான் எந்த அதிகாரியிடம் கொண்டுபோகவில்லை? எல்லோரும் ஃபைலைப் பார்த்தார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள்.

சில வருஷம் கழித்துப் பி ஷிஃப்ட் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. போரூர் பக்கம் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பதிவு செய்தது. பெயர் 'லைன் நிக்கக் கூடாது.' அதில் 'ஏழாம் ஸ்டேஷன்' என்று ஒரு பாட்டு. மோசஸ் எழுதி, இசக்கி பாடியது. அதற்கு முன்பு மோசஸ் என் வீட்டுக்கு வந்திருந்தான். லைனில் புது அமைப்பு போட்டபோது பழைய பெட்டிகளை ஸ்கிராப்பில் தள்ளினார்கள். ஏழாம் ஸ்டேஷன் பெட்டியை மட்டும் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அதிலிருந்து டியூனைப் பதிவு செய்துகொண்டு போனான்.

முழுப் பாட்டையும் கேட்டால் விஷயம் புரியும். டியூன் வரும், அறுபடும். டிரம்ஸ் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும், லைன் ஓடின மாதிரி. மறுபடி டியூன், மறுபடி அறுபடும். கடைசியில் எல்லா வாத்தியமும் நின்று, டியூன் மட்டும் அறுபடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். கேட்கிறவனுக்கு எரிச்சல் வருகிற அளவுக்கு ஒலிக்கும். நான் முதல் தடவை கேட்டபோது எழுந்து வெளியே போய்விட்டேன். கோபத்திலா அழுகையிலா என்று எனக்கே தெரியவில்லை.

பாட்டை வாங்கிய மியூசிக் கம்பெனி அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டது. "போர் அடிக்குது bro" என்றார்களாம். முழுப் பாட்டு ஆல்பத்தில் மட்டும் இருக்கிறது, ஓடியது வெட்டின பாட்டு. எப்படி ஓடியது! தண்டலம் காலேஜ் விழாக்களில், சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோவில், செல்போன் ரிங்டோனில். முதுகில் பெரிதாக 7 என்று போட்ட பனியன் விற்றார்கள். எவனோ அந்த நிறுத்தத்தில் சிலையாக நின்று வீடியோ போட்டான், ஊரே நிற்க ஆரம்பித்தது. ஒரு மனுஷன் கை மாட்டிக்கொண்டு கூப்பிட்டதும், அவன் குரலை இன்னொருவன் மேஜையிலிருந்து அமுக்கியதும் உங்களுக்கு டான்ஸா? மோசஸிடம் கத்தினேன்.

"வுடு ணா, ஆடட்டும்" என்றான். "ஆடுனாலும் காதுல வுழுது இல்ல?"

டி.வி.யில் பேட்டி எடுத்த பெண் குழைந்து குழைந்து கேட்டது. "அந்த ஸ்டாப் ஐடியா செம்ம. எப்படி வந்துச்சு?" மோசஸ் இடது கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு சொன்னான், "அது எங்க மேனேஜர் ஐடியாங்க." அரங்கம் முழுக்கக் கைதட்டல்.

இதைப் பார்த்துவிட்டுக் கம்பெனிக்காரர்கள் பூரித்துப்போனார்கள் என்றால் நம்புவீர்களா? தீனதயாளன் அதற்குள் பிளான்ட் ஹெட். திறமைசாலிகளைத் தட்டிக்கொடுத்து வளர்த்தவர் என்று அவரைப் பற்றி உள் பத்திரிகையில் போட்டோவோடு வந்தது. ஆண்டு விழாவுக்குப் பி ஷிஃப்டைக் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற எனக்கும் எச்.ஆர். பெண் போன் செய்தது.

"சார், அந்த ட்யூன் ஒரிஜினல் உங்ககிட்ட இருக்காமே? எல்லா லைன்லயும் இனிமே அதையே கால் ட்யூனா வைக்கலாம்னு தீனதயாளன் சார் ஆசைப்படறாங்க. ஹிட் வெர்ஷன் மாதிரியே, அந்த ஸ்டாப்போட."

ஸ்டாப்போட. அதாவது கூப்பிட்டால் பாதியில் தானாகவே நிற்கும் டியூன். போனை விட்டெறியத் தோன்றியது. மோசஸிடம் சொன்னேன். "போவவே கூடாதுடா. காறித் துப்பிட்டு வா" என்றேன்.

"போலாம் ணா. நீ அந்தப் பொட்டியும் சாவியும் எட்த்துனு வா."

பஸ் நிறுத்தும் மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். முன் வரிசையில் சோபா, பின்னால் நீலச் சீருடையில் மூன்று ஷிஃப்ட் ஆட்களும். நான் ஒலிபெருக்கிப் பேனல் பக்கத்தில் நின்றேன். மேடை ஓரம் ஒரு கம்பத்தில் என் பெட்டி, அதிலிருந்து தொங்கும் மஞ்சள் கயிறு. அதைப் பார்த்ததும் தீனதயாளன் கைதட்டினார். நினைவுச் சின்னம் என்று நினைத்திருப்பார்.

'ஏழாம் ஸ்டேஷன்' தொடங்கியது. இசக்கி பாடினான். மோசஸ் டியூனை ஏற்றிவைத்த எலக்ட்ரானிக் பேடில் வலது கையால் தட்ட, டியூன் வந்து அறுபட்டது. கூட்டம் சிலையாக நின்றது, சிரித்தது. மறுபடி வந்தது, அறுபட்டது, சிரிப்பு. பிறகு டிரம்ஸ் நின்றது. மோசஸ் பேடை விட்டுவிட்டுக் கம்பத்தருகே போய்க் கயிற்றை இழுத்தான்.

பெட்டி ஒலித்தது. கூட்டம் கையைத் தூக்கியபடி அறுபடுவதற்காகக் காத்திருந்தது. அறுபடவில்லை. ஒலித்துக்கொண்டே இருந்தது. தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. சிரிப்பு அடங்கியது. மைதானம் முழுக்க என் பஸ் ஹாரன் மட்டும். தீனதயாளன் திரும்பி என்னைப் பார்த்து உள்ளங்கையால் காற்றை அழுத்தினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எழுந்து பக்கத்தில் வந்தார்.

"ஏகாம்பரம், போதும். நிறுத்துங்க."

"சாவி மேடையில கீது சார். ரூல் தெரியுமே. போய், அவன் மூஞ்சப் பாத்துக் கேட்டுட்டு, திருப்புங்க."

"கரென்ட்டை கட் பண்ணுங்க."

"அதத்தான அன்னிக்குப் பண்ணீங்க?" என் குரல் பேனல் மேலிருந்த மைக்கில் ஏறி மைதானம் முழுக்கக் கேட்டுவிட்டது. ஏறட்டும்.

அவர் மேடையைப் பார்த்தார். மோசஸ் இடது கையில், மிச்சமிருந்த இரண்டு விரல்களுக்கு நடுவே, சாவியைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்து நின்றான். படி நாலே நாலு. ஏறியிருக்கலாம். தீனதயாளன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பக்கவாட்டு வழியாகத் தன் காரை நோக்கி நடந்தார். மனுஷன்தானா இவன்!

டியூன் நிற்கவில்லை. பழைய ஆட்களுக்கு விஷயம் தெரியும், தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். புதிதாகச் சேர்ந்தவள், கழுத்தில் டிரெயினி அட்டை. அவளுக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது. டியூன் ஒலிக்கிறது, யாரும் போகவில்லை, அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. விறுவிறுவென்று மேடையேறி மோசஸின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"என்ன ஆச்சுண்ணா?"

மோசஸ் சாவியை அவளிடம் கொடுத்தான். அவள் திருப்பினாள், டியூன் நின்றது. அவன் மைக்குக்கு வந்தான்.

"ஒண்ணும் இல்லமா," என்றான். "நான் கூப்ட்டேன். நீ வந்த."